மேலே மட்டும் கழுவிய வண்டி

என் கணவருக்குக் கார் கழுவுவது என்றால் உயிர் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தலத்தெருவில் எங்கள் வீட்டுப் பக்கம் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கிழிந்த சாக்கு ஒன்றைப் போர்டிகோ தரையில் விரித்து, காருக்கு அடியில் நுழைந்துவிடுவார். வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரியும். பேச்சுக் கொடுத்தால் அடியிலிருந்து "ம்" என்று ஒரு சத்தம் வரும். மேல் தொட்டியில் தண்ணீர் தீர்ந்து, நான் தலையில் ஷாம்பூவோடு குளியலறையில் நின்று கத்தினாலும் அதே "ம்"தான்.

அவர் அங்கே வண்டியைக் கழுவவில்லை, தடயத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரியவந்த நேரத்தில் வண்டிக்கு அடியில் நெருப்பு இருந்தது. பின் சீட்டில், தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டோடு என் மகள் நிலா இருந்தாள். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நடுவில் என் சத்தம் கூடினால் பொறுத்துக்கொள்ளுங்கள், என் பெயர்தான் எழில்மதி, குணம் அப்படியில்லை.

கார் என்னுடையது. கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் நான் வாங்கும் சம்பளத்தில் வாங்கியது. என் கணவர் அகரன் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறார். மாணவர்களிடம் குரலை உயர்த்தாத ஆசிரியர் என்று பெயர் வாங்கியவர். வீட்டில் குரலே கிடையாது. சண்டை என்று வந்தால் தோள் இரண்டையும் காதுவரை உயர்த்தி, தலையைக் குனிந்துகொண்டு, மழை நிற்கட்டும் என்று காத்திருப்பவர் மாதிரி நிற்பார். அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் ஏறும்.

அவருடைய சித்தப்பா மாரிக்கண்ணு விழிதியூரில் விவசாயம் பார்க்கிறார். சம்பா அறுப்புக்குப் பிறகு எங்கள் பக்கத்து வயல்களில் உளுந்துதான். பங்குனி வெயிலில் செடியைப் பிடுங்கிக் காயவைத்துவிட்டு, அடிக்கக் களமும் இல்லாமல் ஆளும் இல்லாமல், நேராகத் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி இறங்க, நெற்று உடைந்து உளுந்து உதிரும். போலீஸ் வந்து திட்டிவிட்டுப் போவார்கள், அவர்கள் ஜீப்பும் அதன் மேல் ஏறித்தான் போகும். சொந்தக்காரன் ஒருவன் காரோடு வந்துவிட்டால் இன்னும் வசதி. "தம்பி, அந்தக் கோடியிலேருந்து இந்தக் கோடிவரைக்கும் நாலு நடை போயிட்டு வந்துரேன்" என்பார்கள். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையை, மருமகனை, அண்ணன் மகனை இப்படி வேலை வாங்குவது அங்கே உரிமை. மறுத்தால் உறவே பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

போன வருஷம் நான் வண்டியில் இருக்கும்போதே இவர் அப்படிப் போய்விட்டு வந்தார். நான் இறங்கி நின்று, "என் வண்டி என்ன போரடிக்கிற மாடா?" என்று கேட்டேன். கேட்டேன் என்ன, கத்தினேன். பக்கத்து வயலில் வேலை செய்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். சித்தப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கு வீடு திரும்பும் வழியில், இனிமேல் உளுந்து மேல் வண்டியை ஓட்டமாட்டேன் என்று இவரிடம் சத்தியமே வாங்கினேன். அதற்கப்புறம் நான் விழிதியூர் போவதில்லை.

அவர் ஞாயிறுதோறும் போனார். நிலாவையும் கூட்டிக்கொண்டு போனார். சித்தப்பா கேட்க, இவரும் மறுக்க முடியாமல் நடைக்கு நடை ஓட்டிக் கொடுத்தார். காய்ந்த உளுந்துக்கொடி சும்மா இருக்காது. சக்கரத்தோடு சுழன்று ஏறி, அடியில் அச்சிலும் இடுக்கிலும் கயிறு மாதிரி முறுக்கிக்கொள்ளும். பக்கத்திலேயே இன்ஜினிலிருந்து வருகிற சைலன்சர் குழாய், வண்டி ஓட ஓடக் கொதிக்கிற குழாய். வீட்டுக்கு வந்ததும் சாக்கை விரித்து அடியில் நுழைவது அதற்காகத்தான். ஒவ்வொரு கொடியாக இழுத்து எடுத்து, பையில் போட்டு, எதிர்வீட்டு மாட்டுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு பேருக்குக் கொஞ்சம் தண்ணீர் அடிப்பார். நான் அதைப் பார்த்து, ஒரு மனுஷன் காரை இப்படிக் காதலிப்பானா என்று தலையில் அடித்துக்கொள்வேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் விழிதியூர் போனார்கள். சைக்கிளிலிருந்து விழுந்து கால் ஒடிந்த நாளிலிருந்து நிலா வீட்டிலேயே அடைந்து கிடந்தாள். மறுநாள் மயிலாடுதுறையில் எலும்பு டாக்டரிடம் கட்டைப் பிரிக்கப் போகவேண்டும். அதற்கு முன் ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று நானே அனுப்பிவைத்தேன். சாப்பிட்டுவிட்டு மத்தியானம் திரும்பி வந்தார்கள். "கொஞ்சம் கண்ணசந்துட்டு வண்டியக் கழுவுறேன்" என்று இவர் படுத்தார். மனுஷன் குறட்டை விட ஆரம்பித்ததும் நான் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பைபாஸ் பக்கம் புதிதாக ஒரு மெஷின் வாஷ் வந்திருந்தது. ஷார்ஜாவிலிருந்து திரும்பிய தௌஃபீக் வைத்தது. திறந்த நாளிலிருந்து நான் சொல்லிக்கொண்டிருந்தேன், அங்கே விட்டால் நிமிஷத்தில் முடியும் என்று. இவர் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொல்வார். பிரஷ் பட்டால் கீறல் விழும், நுரை பெயிண்டைத் தின்னும், கையால் கழுவுகிற மாதிரி வராது. இன்றைக்குக் கழுவி முடித்துக் கொண்டுவந்து வாசலில் நிறுத்துகிறேன், அப்புறம் என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று எனக்கு ஒரு வீம்பு.

"வாங்கக்கா, இப்ப வந்தது நல்லதாப் போச்சு. அஸர் தொழுகைக்கு அப்புறம்னா கூட்டம் நிக்கும்" என்றான் தௌஃபீக். "நீங்க உள்ளயே உக்காந்திருங்க. கண்ணாடிய மட்டும் ஏத்திக்குங்க."

உட்கார்ந்தேன். மூன்று நிறத்தில் நுரை வந்து கண்ணாடியை மூடியது. பெரிய பெரிய பிரஷ்கள் சுழன்றுகொண்டே இரண்டு பக்கமும் தடவிக்கொண்டு போயின. வெளியே எதுவும் தெரியவில்லை, சத்தம் மட்டும். யாரும் எதுவும் கேட்காமல், நானும் யாரையும் எதற்கும் கத்தாமல் அப்படி உட்கார்ந்திருந்தது எனக்குப் பிடித்திருந்தது, உள்ளதைச் சொல்கிறேன். காற்றடித்துக் காய்ந்து வெளியே வந்தபோது கார் ஷோரூமிலிருந்து வந்த மாதிரி இருந்தது.

"அடிப்பக்கம் மெஷின் பாக்காதுக்கா" என்றான் தௌஃபீக். "அதுக்கு வண்டியத் தூக்கி, ஆள் நின்னு பாக்கணும். கொஞ்ச நேரம் ஆவும். பண்ணிரவா?"

"நாங்க என்ன நடவு வயல்லயா தம்பி வண்டி ஓட்டுறோம்? மேல மட்டும் போதும்" என்றேன்.

வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடித்தேன். இவர் எழுந்து வந்து காரைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போனது. நான் ஜெயித்துவிட்டேன், அதுதான் மூஞ்சி செத்துப்போச்சு என்று எனக்குச் சிரிப்பு. "எப்பிடி?" என்றேன். "ம்" என்றார்.

திங்கட்கிழமை காலையில் நான் இட்லி எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் சாக்கு உதறும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் கைலியோடு குனிந்து நிற்கிறார்.

"என்னங்க பண்றீங்க?"

"சும்மா, அடியில ஒரு பார்வை."

"நேத்துதானே கழுவிட்டு வந்தேன்? நான் கழுவுனா அது கழுவுனது இல்லையா? என்னய அசிங்கப்படுத்தணும்னே சாக்கத் தூக்கிட்டு வர்றீங்களா? டாக்டரு பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காரு, பன்னெண்டுக்கெல்லாம் கிளம்பிருவாரு, இவரு இங்க படுத்து உருளப் போறாராம்!"

தோள் இரண்டும் காதுக்கு ஏறின. சாக்கைப் பிடுங்கிக் கிணற்றடியில் எறிந்தேன். அவர் கொஞ்ச நேரம் காரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குளிக்கப் போனார். போய்விட்டு வந்து எடுத்துக்கொள்ளலாம், ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தாராம். பிறகு சொன்னார்.

நிலாவைத் தூக்கிவந்து பின் சீட்டில் உட்காரவைத்தோம். வலது கதவில் முதுகைச் சாய்த்து, கட்டுப்போட்ட காலை சீட்டின் நீளத்துக்கு நீட்டி வைத்தால்தான் அவளுக்கு வசதி. வேகத்தடையில் கால் உருண்டுவிடக் கூடாதே என்று, என் பழைய துப்பட்டா ஒன்றை மாவுக்கட்டைச் சுற்றி எடுத்து இடது கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியில் இழுத்துக் கட்டினேன். முடிச்சை நன்றாக இறுக்கினேன். பின் கதவுகளில் சைல்டு லாக் எப்போதும் போட்டுத்தான் இருக்கும், உள்ளேயிருந்து திறக்க முடியாது. நான் இருக்கும்போது என் வண்டியை நான்தான் ஓட்டுவேன். அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்.

கோட்டுச்சேரி வருவதற்குள்ளேயே வெயில் ஏறிவிட்டது. கடைத்தெருவில் நெரிசல். ஒரு சரக்கு ஆட்டோவுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தோம்.

"ஒரு டீ குடிச்சிட்டுப் போலாமா?" என்றார்.

"இப்பத்தானே குடிச்சீங்க?"

"தலவலிக்கிற மாதிரி இருக்கு."

"மாயவரத்துல குடிச்சிக்கலாம்."

அவர் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார். ஏசி போட்டிருக்கும்போது கண்ணாடியை இறக்கினால் எனக்குப் பிடிக்காது என்று அவருக்குத் தெரியும். ஏற்றச் சொன்னேன். ஏற்றினார். மறுபடி இறக்கினார். ரியர்வியூ கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தேன். நிலா வழக்கமாகப் போனைக் கேட்டு நச்சரிப்பாள். அன்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சத்தமில்லாமல் இருந்தாள். கட்டு பிரிக்கப் பயம் போல என்று விட்டுவிட்டேன்.

ஊரைத் தாண்டி வயல்வெளி வந்ததும் எனக்கு அந்த வாசனை வந்தது. காய்ந்த சருகு எரிகிற வாசனை. பங்குனியில் இந்தப் பக்கம் எங்காவது ஒரு மூலையில் எதையாவது கொளுத்திக்கொண்டுதான் இருப்பார்கள்.

"வயல்ல கொளுத்துறாங்க போலருக்கு" என்றேன்.

"ஆமா" என்றார்.

இரண்டு பக்கமும் பச்சையும் வெறும் வயலுமாகக் கிடந்தது, புகை எங்கேயும் இல்லை. அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

கொஞ்ச தூரம் போனதும், "ஓரமா நிறுத்தேன், ஒண்ணுக்குப் போவணும்" என்றார்.

"சின்னப் புள்ளைங்களா நீங்க? வீட்டுல என்ன பண்ணுனீங்க?"

"எழிலு, சொன்னாக் கேளு. ரெண்டு நிமிஷம்."

"டாக்டரு போயிட்டாருன்னா இன்னும் ஒரு வாரம் இந்தப் புள்ள கட்டோட கெடக்கணும். பல்லக் கடிச்சிக்கிட்டு உக்காருங்க."

அவர் நெற்றியில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. ஏசிக் காற்றில் ஒருவருக்கு அப்படி வியர்த்தால் என்ன என்று கேட்டிருக்க வேண்டும். எனக்கு இருந்த ஆத்திரத்தில் வேகத்தைக் கூட்டினேன்.

வரிச்சிக்குடி பக்கம் ஒரு வளைவு திரும்பினோம். எதிரே ரோட்டை அடைத்துக்கொண்டு உளுந்து. ஓரத்துக்கு ஓரம் செடியைப் பரப்பி, இரண்டு பக்கமும் கல் வைத்து, வண்டிகள் அதன் மேல்தான் போயாக வேண்டும் என்று செய்திருந்தார்கள். இன்னும் பரப்பாத செடி இரு ஓரத்திலும் ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தது. ஐந்தாறு பெண்கள் ஓரமாக நின்றிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் போன டவுன் பஸ் அதன் மேல் சரசரவென்று ஏறிப் போனது. நானும் ஏற்றினேன்.

"ஏத்தாத!" என்று அவர் கத்தினார். பதினான்கு வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. "எழிலு, அது மேல ஏத்தாத!"

"ஏன்? என்னாச்சு?"

"அடியில ஏற்கெனவே இருக்கு."

"என்ன இருக்கு?"

"உளுந்துக்கொடி. நேத்து சித்தப்பாவுக்கு ஓட்டிக் குடுத்தேன். எடுக்கல. நீ மெஷின்ல விட்டுட்டு வந்துட்ட, நான் எடுக்கல."

அவர் சொல்லி முடிப்பதற்குள் பானட்டின் ஓரத்திலிருந்து வெள்ளைப் புகை நூலாகக் கிளம்பியது. பிறகு பழுப்பாக, தடியாக.

"நிறுத்து! நிறுத்து!" என்றார்.

கால் பிரேக்குக்குத்தான் போனது. அப்போதுதான் கீழே நெற்று நொறுங்குகிற சத்தம் காதில் விழுந்தது. படபடவென்று, எண்ணெயில் கடுகு வெடிப்பது போல. எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் ஓரத்திலும் காய்ந்த செடி. இங்கே நிறுத்தி ஒரு பொறி விழுந்தால் ரோடே பற்றும். நாங்கள் இறங்கி ஓடலாம். நிலாவால் ஓட முடியாது. அவளைத் தூக்கிக்கொண்டு அந்தத் தீக்குள் எந்தப் பக்கம் போவது?

ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, ஹேண்ட் பிரேக்கைப் பிடிக்க வந்தார். கையைத் தட்டிவிட்டேன். "செடி முடியட்டும்! இங்க நிறுத்துனா எல்லாம் எரியும்!" என்றேன். கண்ணாடிக்கு முன்னால் புகை மறைத்தது. பக்கத்துக் கண்ணாடி வழியாகக் கல் வரிசையைப் பார்த்துத்தான் ஓட்டினேன். பெண்கள் கூச்சல் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார்கள். நிலா அழவில்லை. "அம்மா, அம்மா" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த உளுந்து முடிவதற்குள் நான் செத்துப் பிழைத்தேன்.

வாய்க்கால் மதகுக்கு முன்னால் வெறும் தார் தெரிந்தது. நிறுத்திச் சாவியை அணைத்துவிட்டு இறங்கிப் பின் கதவைத் திறந்தேன். நிலா முதுகோடு என் மேல் சாய்ந்தாள். அவள் கக்கத்தில் கையைக் கொடுத்து இழுத்தேன். வரவில்லை. மறுபடி இழுத்தேன், வீலென்று கத்தினாள்.

துப்பட்டா. நான் கட்டிய முடிச்சு.

"அந்தப் பக்கம் அவுருங்க!" என்றேன். அவர் அதற்குள் இடது கதவைத் திறந்து முடிச்சில் கை வைத்திருந்தார். நான் இழுத்த இழுப்பில் அது கல்லாக இறுகிப்போயிருந்தது. முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் மஞ்சளாகச் சுடர் எட்டிப் பார்த்தது. டேஷ்போர்டுக்குள்ளிருந்து கரும்புகை வந்தது. அவர் விரல் முடிச்சில் வழுக்கியது. பல்லால் கடித்தார். இருமினார். மறுபடி கடித்தார். விட்டுவிட்டு ஓடச் சொன்னாலும் அந்த மனுஷன் அன்றைக்கு ஓடியிருக்க மாட்டார், அதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

"தள்ளுங்க அய்யா!"

கறுத்து ஒல்லியாக ஒரு பெண், கையில் கருக்கரிவாள். அவர் முதுகைப் பிடித்து இழுத்து அப்பால் தள்ளிவிட்டு உள்ளே குனிந்தாள். துப்பட்டாவைப் பிடித்து அரிவாளால் ஒரே இழுப்பு. நானும் நிலாவும் மல்லாக்க ரோட்டில் விழுந்தோம். மாவுக்கட்டு தரையில் மோதிய சத்தம் கேட்டது. எழுந்து, நானும் அந்தப் பெண்ணும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மதகைத் தாண்டி இருந்த பூவரசு மரத்தடிக்கு நிலாவைத் தூக்கிக்கொண்டு போனோம். அந்தப் பெண்ணின் பெயர் செல்லம் என்று பிறகு தெரிந்தது. ரோட்டில் கிடந்தது அவளுடைய உளுந்து.

முன் டயர் வெடித்தது. பெண்கள் வாய்க்காலில் குடத்தை முக்கி முக்கி ஊற்றினார்கள், மண்ணை வாரி அடித்தார்கள். எங்கள் வண்டியிலிருந்து உதிர்ந்த கொடி ஒன்று பின்னால் செடியில் பற்றிக்கொண்டதை இரண்டு பேர் ஈரச்சாக்கால் அடித்து அணைத்திருந்தார்கள். தீயணைப்பு வண்டி காரைக்காலிலிருந்து வந்து சேர்ந்தபோது அணைக்க அதிகம் மிச்சமில்லை. காரின் முன்பாதி கரிக்கட்டை. பின்பாதியும் மேல்கூரையும் மட்டும் நேற்று மெஷினில் கழுவிய பளபளப்போடு வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன.

செல்லம் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நிலாவுக்குக் கொடுத்தாள். அவள் காலில் புதிதாக எதுவும் ஆகவில்லை, மாவுக்கட்டில் ஒரு விரிசல் மட்டும். அவருக்குப் புருவமும் முன்மயிரும் பொசுங்கி, உதட்டில் ரத்தம். மரத்தடியில் எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தார்.

"நான் கையால கழுவியிருந்தா இதெல்லாம்..." என்று ஆரம்பித்தார்.

"கையால ஒண்ணும் கழுவ வேணாங்க. வாயால ஒரு வார்த்த சொல்லியிருந்தாப் போதும்" என்றேன். "பெத்த புள்ள பின்னாடி உக்காந்திருக்கு. கட்டிப்போட்டு வெச்சிருக்கேன் நான். அந்த வாசன வந்தப்புறமும் 'ஆமா'ங்குறீங்க. மனுஷனா நீங்க?"

எனக்கு அது போதவில்லை. ஊருக்கே கேட்கும்படி, போன வருஷத்துக் கதையிலிருந்து எடுத்து, சித்தப்பாவையும் சேர்த்துப் பிடிக்கலாம் என்று மூச்சை இழுத்தேன்.

"அம்மா" என்றாள் நிலா. "எனக்கும் முன்னாடியே வாசன வந்துச்சும்மா."

"எப்போ?"

"கோட்டுச்சேரியில. அப்பா டீ குடிக்கலாமான்னாங்கள்ல, அப்போ. முன்னாடி கீழேருந்து கொஞ்சூண்டு பொகையும் வந்துச்சு. நான் பாத்தேன்."

"ஏண்டி சொல்லல?"

நான் அதைச் சத்தமாகத்தான் கேட்டிருக்க வேண்டும். செல்லம் திரும்பிப் பார்த்தாள். நிலாவின் தோள் இரண்டும் காதுவரை உயர்ந்தன. தலை குனிந்தது. அப்படியே அவள் அப்பா.

"உளுந்து மேல ஓட்டுனத அம்மாட்ட சொல்லாத, அம்மா கத்தும்னு அப்பா சொல்லியிருந்தாங்க" என்றாள்.

"நெருப்புடி அது. நெருப்பு வந்தப்புறமும் சொல்லக் கூடாதா?"

"நீ ஏற்கெனவே கோவமா இருந்தம்மா."

இழுத்து வைத்த மூச்சு அப்படியே நின்றது. கோட்டுச்சேரியிலிருந்து வரிச்சிக்குடிவரை அந்தக் காருக்குள் மூன்று பேர் இருந்தோம். அடியில் என்ன இருக்கிறது என்று இரண்டு பேருக்குத் தெரியும். தெரியாத ஒருத்தி நான், நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் புகையைப் பார்த்தார்கள், என்னையும் பார்த்தார்கள், புகையே தேவலை என்று இருந்துவிட்டார்கள்.

செல்லம் குடத்தை எடுத்துக்கொண்டு தன் உளுந்தைப் பார்க்கப் போனாள். ரோட்டில் பஸ்கள் எங்கள் காரைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் போக ஆரம்பித்தன. நான் நிலாவுக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, மாவுக்கட்டில் ஒட்டியிருந்த கரியைத் துடைத்தேன். மெதுவாகப் பேச முயன்றேன், என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"கால் வலிக்குதாடா?" என்று கேட்டேன்.

அவள் பதில் சொல்வதற்கு முன்னால் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.